மாமித்துவின் கைகள்

மாமித்து காஷே பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. எத்தியோப்பியாவின் மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. 1962 வாக்கில், 16 வயது இருக்கும்போது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தலைநகர் அடிஸ் அபாபாவின் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். நான்கு நாள் பிரசவ வலி. பிள்ளை இறந்துவிட்டது. உடம்பிலிருந்து சிறுநீர் ராத்திரி பகல் பார்க்காமல் கசிந்துகொண்டே இருந்தது. பின்னாட்களில் உலகத்தின் பல நாடுகளிலிருந்து எம்.பி.பி.எஸ்., எஃப்.ஆர்.சி.எஸ். எல்லாம் முடித்த மருத்துவர்கள் அதே ஊருக்கு வந்து, ஆபரேஷன் மேஜைக்குப் பக்கத்தில் நின்று இவரிடம் இந்த நோய்க்கான சிகிச்சையைக் கற்றுக்கொண்டார்கள். 1989-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் கொடுத்த தங்கப் பதக்கத்தில் இவருக்கும் பங்கு உண்டு.

கிறிஸ்தவ அன்பு, இரக்கம், ஊழியம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது இந்தப் பெண்தான். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அப்புறம்தான் வருவார்கள்.

நான் எத்தியோப்பியாவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து நிறையப் பேர் அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் பாடம் நடத்தப் போனார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவனாக. நான் இருந்தது வடக்கே, தானா ஏரிக்கரையில், பஹிர் தார் நகரத்தில். கிளம்பும்போது சொந்தக்காரர்கள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: "அந்தப் பஞ்ச தேசத்துக்கா?" 1984-ல் பத்திரிகைகளில் வந்த பஞ்சத்துப் படங்கள் அப்படிப் பதிந்துவிட்டன. அந்த நாட்டு அரசன் எசானா 4-ம் நூற்றாண்டிலேயே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவன் என்பதும், ஐரோப்பாவின் பல நாடுகள் சிலுவையைப் பார்க்கும் முன்பே அங்கே கோயில் மணி அடித்தது என்பதும் எங்கள் சபையில் பாதிப் பேருக்குத் தெரியாது. இரக்கம் வெளியிலிருந்து விமானம் ஏறித்தான் அந்த மண்ணுக்குப் போயிற்று என்ற நினைப்பு அதனால்தான் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது.

ஒரு பஸ் பயணத்தைச் சொல்கிறேன். அங்கே வெளியூர் பஸ்கள் விடியும் முன்பே கிளம்பிவிடும். தெப்ரே தாபோர் பக்கமிருந்து பஹிர் தாருக்கு வந்துகொண்டிருந்தோம். வழியில் ஓர் இடத்தில் ஒரு பெண்ணும் அவளுடைய அண்ணன் போலத் தெரிந்த ஒருவரும் ஏறினார்கள். பெண் என்று எழுதுகிறேனே தவிர, நம் ஊரில் ப்ளஸ் ஒன் படிக்கிற வயதுதான் இருக்கும். காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தாள். கடைசி இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸுக்குள் வாடை பரவியது. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முணுமுணுப்பு சத்தமானது. கண்டக்டர் பையன் பின்னால் போய் அந்த அண்ணனிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். இறக்கிவிடத்தான் பேசுகிறான் என்று புரிந்துகொள்ள எனக்கிருந்த அரைகுறை அம்ஹாரிக் போதும்.

அப்போது நடுவரிசையிலிருந்து ஒரு கிழவி எழுந்தார். அந்தப் பக்கத்து வயதான பெண்களுக்கு நெற்றியில் சிலுவை பச்சை குத்தியிருக்கும், இவருக்கும் இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தான் போர்த்தியிருந்த நெத்தலாவின் (அது நம் மெல்லிய கதர்த் துண்டு மாதிரி வெள்ளைத் துணி) ஒரு பாதியை இழுத்து அவள் தோள் மேல் போட்டார். கண்டக்டரைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன். "அவளும் காசு கொடுத்துத்தானே ஏறியிருக்கிறாள்" என்றாராம். பஹிர் தார் வரும்வரை அந்தக் கிழவி அங்கேயே இருந்தார். அவர் மிஷனரி இல்லை, யாரும் அனுப்பி வந்தவரும் இல்லை. மாதா கோயிலுக்கு முடிந்த நாளில் போய் வாசலை முத்தமிட்டு வருகிற ஒரு பாட்டி, அவ்வளவுதான்.

அந்தப் பெண் எங்கே போகிறாள் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பஹிர் தாரில் ஹாம்லின் ஃபிஸ்டுலா மருத்துவமனையின் கிளை இருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. விசாரித்தபோதுதான் இந்த நோயைப் பற்றியும், அந்த மருத்துவமனையைக் கணவரோடு தொடங்கிய கேத்தரின் ஹாம்லின் பற்றியும், மாமித்து பற்றியும் தெரிந்துகொண்டேன்.

ஃபிஸ்டுலா எப்படி வருகிறது என்பதைக் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு மறைத்துத்தான் அது இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறது. பிரசவத்தில் பிள்ளையின் தலை இடுப்பெலும்புக்குள் இறங்காமல் மாட்டிக்கொள்கிறது. இடுப்பு இன்னும் வளர்ந்து முடியாத சின்னப் பெண்ணாக இருக்கலாம், சின்ன வயதில் வயிறு நிறையச் சாப்பிடாததால் எலும்பு சிறுத்திருக்கலாம், பிள்ளை குறுக்கே திரும்பியிருக்கலாம். சிசேரியன் செய்ய ஆள் இருந்தால் ஒரு மணி நேரத்தில் தீருகிற விஷயம். ஆள் இல்லாத ஊரில் வலி இரண்டு நாள், மூன்று நாள், நான்கு நாள் என்று போகிறது. அத்தனை நேரமும் பிள்ளையின் தலைக்கும் தாயின் எலும்புக்கும் நடுவே சிறுநீர்ப்பையின் சதை நசுங்கிக் கிடக்கிறது. ரத்த ஓட்டம் நின்று அந்தச் சதை செத்துப்போகிறது. பிள்ளை பெரும்பாலும் வயிற்றிலேயே இறந்துவிடும். சில நாளில் செத்த சதை கழன்று விழ, அங்கே ஓட்டை. அந்த ஓட்டைதான் ஃபிஸ்டுலா. அதன் வழியே சிறுநீர் ஒழுக ஆரம்பிக்கும், சிலருக்கு மலக்குடலும் சேர்ந்து கிழிந்துவிடும். காலுக்குப் போகும் நரம்பு நசுங்கினால் பாதம் தூக்க வராது. பஸ்ஸில் ஏறிய பெண் ஏன் காலை இழுத்தாள் என்பது பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

உடம்புக்கு நடந்தது இவ்வளவு. மற்றது வீட்டில் நடக்கும். புருஷன் போய்விடுவான், அல்லது அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவான். தாய்வீட்டில் தனிக் குடிசை போட்டுக் கொடுப்பார்கள். கோயிலுக்குள் நுழைய அவளுக்கே மனம் வராது. ஒழுகலைக் குறைக்கத் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவார்கள். குடிக்காவிட்டால் சிறுநீர் இன்னும் கெட்டியாகும், புண் இன்னும் எரியும், கல்லும் சேரும். சுருண்டு படுத்தே வருடக்கணக்காகக் கிடந்து முழங்கால் மடங்கியபடி இறுகிப்போனவர்களும் உண்டு. இதில் யாருக்கும் எந்தப் பாவத்தின் சம்பளமும் இல்லை. ரோடு இல்லை, மருத்துவச்சி இல்லை, 13 வயதில் கல்யாணம். காரணம் அவ்வளவுதான்.

இந்த ஓட்டையைத் தைக்கும் ஆபரேஷனின் சரித்திரம் வெட்கப்பட வேண்டியது. 1840-களில் அமெரிக்காவின் அலபாமாவில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் இதைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கினார். யார் உடம்பில்? அடிமைப் பெண்களின் உடம்பில், மயக்க மருந்து இல்லாமல். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் 30 முறை கத்தி வைத்தார். அந்த அலபாமாவிலும் ஞாயிற்றுக்கிழமை சபை கூடத்தான் செய்தது. பிறகு பணக்கார நாடுகளில் சிசேரியன் வந்தது, ஃபிஸ்டுலா மறைந்தது, அதோடு அந்தத் தொழில் தெரிந்தவர்களும் அருகிப்போனார்கள்.

கேத்தரின் சிட்னிக்காரர். கணவர் ரெஜினால்ட் ஹாம்லின் நியூசிலாந்துக்காரர். இரண்டு பேரும் மகப்பேறு மருத்துவர்கள். லான்செட் இதழில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, மருத்துவச்சிகளுக்கான பள்ளி தொடங்க 1959-ல் ஆறு வயது மகனோடு அடிஸ் அபாபா வந்தார்கள். மூன்று வருட ஒப்பந்தம். வருவதற்கு முன் ஒரு ஃபிஸ்டுலா நோயாளியைக்கூட அவர்கள் பார்த்ததில்லை. புத்தகங்களையும் படங்களையும் வைத்துப் படித்தார்கள், எகிப்தின் பெரிய மகப்பேறு மருத்துவர் நகீப் மஹ்ஃபூஸ் எழுதி வைத்தவற்றிலிருந்து கற்றார்கள். (நோபல் பரிசு வாங்கிய நாவலாசிரியர் நகீப் மஹ்ஃபூஸுக்கு அந்தப் பெயர் வந்தது இந்த மருத்துவரால்தான். சிக்கலான பிரசவத்தில் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிக் கொடுத்தவர் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள்.)

செய்தி மலையேறிப் போனது. பெண்கள் வர ஆரம்பித்தார்கள், நாள்கணக்கில் நடந்து, பஸ் நிலையங்களில் பிச்சை எடுத்துப் பயணக்காசு சேர்த்து. வாடை தாங்காமல் மற்ற நோயாளிகள் முகம் சுளித்ததால் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே இவர்களுக்கென்று தனி விடுதி கட்டினார்கள். 1975-ல் ஃபிஸ்டுலாவுக்கென்றே தனி மருத்துவமனை திறந்தார்கள். அதற்குள் பேரரசர் ஹைலே செலாசி பதவி இழந்து தெர்க் ராணுவ ஆட்சி வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் பலர் மூட்டை கட்டிய காலம். இவர்கள் போகவில்லை. 1993-ல் ரெஜினால்ட் இறந்தார், அப்போதும் கேத்தரின் போகவில்லை. மருத்துவமனை வளாகத்து வீட்டிலேயே இருந்து, 90 வயதை ஒட்டியும் ஆபரேஷன் செய்து, 2020 மார்ச்சில் 96 வயதில் அங்கேயே கண் மூடினார். இந்த அறுபது வருடங்களில் 60,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். யாரிடமும் காசு வாங்கவில்லை. ஆர்த்தடாக்ஸ் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார்கள்.

கேத்தரின் ஆழமான விசுவாசி. அதை அவர் மறைத்ததே இல்லை. ஆனால் விசுவாசம் அவரை என்ன செய்ய வைத்தது என்று பார்த்தால், முக்கால்வாசி மிகச் சின்ன வேலைகள்தான். ஆபரேஷன் முடிகிற தறுவாயில் ஒரு சோதனை உண்டு. தைத்த சிறுநீர்ப்பைக்குள் நீலச் சாயம் கலந்த தண்ணீரை மெதுவாக விட்டு, கீழே வெள்ளைத் துணியில் நீலம் படுகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு பொட்டு நீலம் தெரிந்தாலும் தையல் சரியில்லை, மறுபடி. அப்புறம் வார்டு. இரண்டு வாரம் போல, சிறுநீர் வடிய ஒரு டியூப் உள்ளே இருக்கும். நர்ஸ் ஒவ்வொரு கட்டிலிலும் மூன்று விஷயம் பார்த்துக்கொண்டே போவார்: தண்ணீர் குடிக்கிறாளா, டியூபில் வடிகிறதா, படுக்கை காய்ந்திருக்கிறதா. வருடக்கணக்காகத் தண்ணீருக்குப் பயந்த பெண்ணைக் குடம் குடமாகக் குடிக்க வைப்பது சாதாரண வேலை இல்லை. டியூப் அடைத்துக்கொண்டால் அத்தனை தையலும் பாழ். ராத்திரி இரண்டு மணிக்கும் யாராவது எழுந்து வந்து பார்க்க வேண்டும்.

அந்த ராத்திரி இரண்டு மணிக்கு வந்து பார்த்தவர்களில் பலர் அதே நோயோடு அங்கே வந்தவர்கள். இந்த மருத்துவமனையில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். முழுதாகக் குணமாகாதவர்கள், போக வீடில்லாதவர்கள் பலரை நர்ஸ் உதவியாளர்களாக ஆக்கினார்கள். பயந்து ஒடுங்கி வருகிற புதுப்பெண்ணுக்கு "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்ல அவர்களைவிட யாருக்குத் தகுதி இருக்கிறது?

மாமித்துவும் அப்படித்தான் ஆரம்பித்தார். பல தடவை ஆபரேஷன் செய்தும் அவருக்கு முழுசாகச் சரியாகவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் கட்டில் விரிப்பு மாற்றினார். பிறகு ஆபரேஷன் அறையில் கருவி எடுத்துக் கொடுத்தார். ரெஜினால்ட் அவர் கண்ணையும் கையையும் கவனித்திருக்கிறார். ஒரு நாள் தையலைப் போடச் சொன்னார், பிறகு அடுத்ததை, அதற்கடுத்ததை. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண் கையில் கத்தியைக் கொடுப்பதற்கு எவ்வளவு மரியாதை வேண்டும்! அழுகிறவளைப் பார்த்து நாமும் அழுவது நல்லதுதான், ஆனால் அழுகை முடிந்ததும் அவள் கட்டிலிலும் நாம் நாற்காலியிலும்தான் இருப்போம். ஹாம்லின் தம்பதியர் அவளை எழுப்பித் தங்களுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

மாற்கு சுவிசேஷம் 5-ம் அதிகாரத்தை நான் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு வருடம் பெரும்பாடுள்ள (ஓயாத உதிரப்போக்குள்ள) ஸ்திரீ, கூட்டத்துக்குள் நுழைந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டவள். மோசேயின் சட்டப்படி அவள் தீட்டு, அவள் தொட்டவையும் தீட்டு. எத்தியோப்பியாவிலிருந்து வந்த பிறகு படித்தபோது, இயேசு எங்கே போகும் வழியில் இது நடந்தது என்பது கண்ணில் பட்டது. ஜெப ஆலயத் தலைவர் யவீருவின் மகளைப் பார்க்கப் போகும் வழி. அந்தச் சிறுமிக்கு வயது பன்னிரண்டு. ஒருத்தி பிறந்த வருடத்திலிருந்து இன்னொருத்தி உதிரப்போக்கோடு இருக்கிறாள். இரண்டு பேரையும் ஒரே பொழுதில் அவர் தொடுகிறார். ஊருக்குப் பெரிய மனிதரான அந்த யவீரு காத்து நிற்க, பெயர் தெரியாத இந்தப் பெண்ணுக்காக நடையை நிறுத்துகிறார். யார் தொட்டது என்று கேட்டு, கூட்டத்துக்கு நடுவே அவளை நிறுத்தி, மகளே என்று கூப்பிடுகிறார். நோய் தீர்ந்தது அதற்கு முன்பே. அப்படியே அவளை நைசாகப் போகவிட்டிருக்கலாம். தீட்டு என்று ஒதுக்கிய அதே ஜனங்கள் முன்னால் அவளை மகள் என்று சொல்லாவிட்டால் அவள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போவாள்? நான் அதை அப்படித்தான் வாசிக்கிறேன். அடிஸ் அபாபாவில் குணமாகி ஊருக்குப் போகிற பெண்ணுக்குப் புதுத்துணி கொடுத்து, பஸ் காசும் கொடுத்து அனுப்புவார்கள். அதையும் இதோடு சேர்த்துத்தான் வாசிக்கிறேன்.

எல்லோரும் குணமாவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். சிலருக்குச் சிறுநீர்ப்பையே மிஞ்சியிருக்காது. இடுப்புக்கு மேலே வயிற்றில் பை மாட்டி வாழ வேண்டியவர்களை கிராமத்துக்கு எப்படி அனுப்புவது? அவர்களுக்காக நகரத்துக்கு வெளியே தெஸ்தா மெந்தர் என்றொரு குடியிருப்பு 2000-களின் தொடக்கத்தில் எழும்பியது. தோட்டமும் தொழிலும் கற்றுக்கொண்டு சொந்தக் காலில் நிற்கும் இடம். ஜெபித்தவர்கள் எல்லோருக்கும் அற்புதம் நடந்ததாகச் சாட்சி சொல்கிற கூட்டங்களில் எனக்கு இவர்கள் ஞாபகம் வரும். ஜெபம் கேட்கப்படாதவர்களுக்கும் ஒரு வீடு கட்டியது, என் கண்ணுக்கு, அற்புதத்துக்குக் குறைந்ததில்லை.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாகவும் இருக்கக் கூடாது. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிக்கு ஒரு பெண் மருத்துவர் வேண்டும் என்று, மிஷனரி மருத்துவரின் மகளான ஐடா ஸ்கடர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி. அந்த இரவிலிருந்து பிறந்தது என்று ஞாயிறு பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஐடா தானே கடைசிவரை எல்லோருக்கும் பிரசவம் பார்ப்பேன் என்று இருக்கவில்லை. 1909-ல் செவிலியர் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று இந்த ஊர்ப் பெண்கள் கையில் வேலையைக் கொடுத்தார்.

கேத்தரினும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தார். எத்தனை ஓட்டையைத் தைத்தாலும் கிராமத்தில் மருத்துவச்சி இல்லாவிட்டால் அடுத்த பெண் வந்துகொண்டே இருப்பாள். 2007-ல் மருத்துவச்சிகளுக்கான கல்லூரி தொடங்கினார்கள். பள்ளி முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, நான்கு வருடம் படிக்க வைத்து, அவர்கள் பகுதிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். 1959-ல் விளம்பரம் பார்த்து வந்ததும் இதற்குத்தான், அந்த வேலைக்குத் திரும்பி வர அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அரசாங்கமும் தன் பங்குக்கு 2003-லிருந்து 30,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்துக் கிராமங்களில் நிறுத்தியது. 2000-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 871 தாய்மார் இறந்தார்கள், 2016-ல் அது 412. இந்த இறக்கத்தைக் கோயிலும் மிஷனும் மட்டும் சாதிக்கவில்லை. வீடு வீடாக நடந்த அந்தப் பெண்களின் கால்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

கேத்தரின் இறந்த அதே 2020-ல், நவம்பர் மாதம், எத்தியோப்பியாவின் வடக்குப் பகுதியான திக்ராயில் போர் மூண்டது. ஹாம்லின் கிளை மருத்துவமனைகள் ஐந்தில் ஒன்று அந்தப் பகுதியின் மெக்கெல்லே நகரத்தில் இருக்கிறது. எனக்கு அங்கேயும் நண்பர்கள் இருந்தார்கள், தமிழர்களும் எத்தியோப்பியர்களும். போர் வந்தால் ரோடு அடைபடும், பெட்ரோல் இருக்காது, இடுப்பு வலி கண்டவளைத் தூக்கிக்கொண்டு ஓட வண்டி கிடைக்காது. பல வருட உழைப்பு எவ்வளவு சீக்கிரம் பின்னால் போகும் என்பதை நினைத்தால் கோபம் வருகிறது. இரண்டு பக்கமும் ஒரே சிலுவையைக் கழுத்தில் போட்டிருந்தவர்கள் நிறைய என்பது இன்னும் வலிக்கிறது.

எங்கள் சபையில் மிஷனரி ஞாயிறு வரும்போது திரையில் படங்கள் ஓடும். ஈ மொய்க்கும் குழந்தை முகம், எலும்பு தெரியும் மார்பு, பின்னால் சோகப் பாட்டு. காணிக்கைத் தட்டு நிறையும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எத்தியோப்பியாவில் என் மாணவர்கள் தங்கள் நாட்டைப் பற்றிய அப்படிப்பட்ட படங்களைப் பார்த்துத் தலை குனிந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த வருடம் கமிட்டியில் நான் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறேன். ஒன்று, அந்தப் படங்கள் வேண்டாம், மாமித்து ஆபரேஷன் உடையில் நிற்கிற படத்தைப் போடுவோம். இன்னொன்று, தட்டில் விழுகிற பணத்தில் ஒரு பங்கை நம் மாவட்டத்திலோ வெளிநாட்டிலோ ஒரு பெண்ணை மருத்துவச்சியாகவோ நர்ஸாகவோ படிக்க வைப்பதற்கென்று ஒதுக்குவோம், அவள் படித்து முடிக்கும்வரை, வருடா வருடம். முதலாவதற்கு உடனே சம்மதம் கிடைத்தது. இரண்டாவதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறார்கள். அதற்குள் நான்கு வருடத்துக்கான செலவுக் கணக்கைத் தயார் செய்துகொண்டு போகிறேன்.